ஸ்கீ பலகை சொல்லும் கதை: விறைப்பு எங்கே, வளைவு எங்கே?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும்தான் என்று நினைப்பவர்களுக்காக, அவ்வப்போது ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொண்டு அதன் கதையை எழுதுவது என் வழக்கம். இந்த முறை ஸ்கீ. குளிர்கால ஒலிம்பிக்கில் பார்த்திருப்பீர்கள், பனிமலைச் சரிவில் இரண்டு காலிலும் நீளமான பலகையை மாட்டிக்கொண்டு வழுக்கி இறங்குவார்களே, அந்தப் பலகை.

இன்று கனடாவிலோ ஐரோப்பாவிலோ ஒரு ஸ்கீ கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கப் பலகைகள் நிற்கும். கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். "பொடிப்பனிக்கான பவுடர் பலகையா, எல்லாப் பனிக்குமான ஆல்-மவுன்டன் பலகையா?" இது முதல் கேள்வி. "எவ்வளவு விறைப்பாக வேண்டும்?" இது இரண்டாவது. புதிதாக வாங்குபவர் பெரும்பாலும் "விறைப்பாக இருந்தால்தானே நல்லது, சாம்பியன்கள் அதைத்தானே மாட்டுகிறார்கள்?" என்று நினைப்பார். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அது சரிதானா என்பதுதான் இன்றைய கதை.

முதலில் விறைப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். இரு முனைகளையும் பிடித்து வில்போல் வளையுங்கள். அது நெடுக்கு வளைவு. இப்போது ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். அது முறுக்கு. ஒரு பலகை வளைவதை எதிர்ப்பது ஒரு விறைப்பு, முறுக்கப்படுவதை எதிர்ப்பது வேறொரு விறைப்பு. கெட்டியான பனியில் ஸ்கீயின் ஓரம் மட்டும்தான் கத்திபோல் கடிக்கிறது. பலகை முறுக்கிக்கொண்டால் அந்தக் கடி நழுவிவிடும். ஆனால் முழங்கால் ஆழப் பொடிப்பனியில் கடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அங்கே பலகை படகுபோல் மிதக்க வேண்டும். முன்பகுதி விறைப்பாக இருந்தால் மூக்கு பனிக்குள் புதைந்து ஆள் குப்புற விழுவார். மெதுவாக வளைந்துகொடுக்கும் மூக்கு தானே மேலே எழும்பிவிடும்.

ஆக, கெட்டிப்பனி கேட்பதும் பொடிப்பனி கேட்பதும் நேர் எதிரானவை. இதை மனிதர்கள் எப்போது கண்டுகொண்டார்கள்? நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே.

ஸ்வீடனின் கால்வ்ட்ரெஸ்க் என்ற இடத்தில் 1924-இல் கிடைத்த மர ஸ்கீ ஏறக்குறைய 5,200 ஆண்டு பழையது. இன்று ஊமேயோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்கீ விளையாட்டுப் பொருள் அல்ல. குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகவும் பக்கத்து ஊருக்குப் போகவும் அதுதான் வழி.

ஸ்காண்டிநேவியாவின் சில பகுதிகளில் ஒரு விசித்திரமான ஜோடி புழக்கத்தில் இருந்தது. ஒரு காலுக்கு மிக நீளமான பலகை, வழுக்கிப் போக. இன்னொரு காலுக்குக் குட்டையான பலகை, அடியில் விலங்குத் தோல் ஒட்டியது, உந்தித் தள்ள. ஒரே பலகையால் இரண்டு வேலையும் செய்ய முடியாது என்று தெரிந்ததால் வேலையைக் காலுக்குக் கால் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்!

இன்னொரு பக்கம் மத்திய ஆசியாவின் அல்தாய் மலைகள். அங்கே வேட்டைக்காரர்கள் மரத்தைச் செதுக்கி, அடியில் குதிரைத் தோலை ஒட்டி ஸ்கீ செய்கிறார்கள். தோலின் மயிர் பின்பக்கம் பார்த்து இருக்கும், அதனால் மேடேறும்போது பின்னால் வழுக்காது. இன்றும் அங்கே இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலகைகள் அகலமானவை. ஆழமான பனியில் அகலம் வேண்டும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நார்வேக்கு வருவோம். தெலமார்க் மாவட்டத்தில் மோர்கெடால் என்ற சிற்றூர். அங்கே சோந்த்ரே நூர்ஹெய்ம் (1825-1897) என்று ஒரு ஏழைக் குத்தகை விவசாயி இருந்தார். பலகையைக் குட்டையாக்கி, அதன் நடுப்பகுதியை இடுப்புபோல் ஒடுக்கினார். சாய்த்து மிதித்தால் அந்த ஒடுங்கிய பலகை வளைந்து, தானே வட்டமாகத் திரும்பும். முறுக்கிய மரக்கொடியால் குதிகாலையும் சேர்த்துக் கட்டினார், அதனால் குதித்தாலும் பலகை கழலவில்லை. 1868-இல் கிறிஸ்தியானியாவில், அதாவது இன்றைய ஆஸ்லோவில், போட்டி நடந்தபோது ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஸ்கீயிலேயே போய்க் கலந்துகொண்டு தலைநகரத்தையே வியக்க வைத்தார். அப்போது வயது 42. ஆனால் புகழ் சோறு போடவில்லை. 1884-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். மலையே இல்லாத வடக்கு டகோட்டா சமவெளியில் அவர் கல்லறை இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் மூன்று விஷயங்கள் சேர்ந்து கதையைத் திருப்பின.

ஒன்று, பந்தயம். 1936-இல் ஜெர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவு ஸ்கீ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது.

இரண்டு, மலையேற்றும் நாற்காலி. அதே 1936-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற இடத்தில் முதல் நாற்காலித் தூக்கி வந்தது. அதை வடிவமைத்த பொறியாளர் ஜேம்ஸ் கரன், முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கருவியில் வேலை செய்தவர். வாழைத்தார் தொங்கிய கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினார், அவ்வளவுதான்! இதன் விளைவு என்ன? முன்பு நாள் முழுக்க நடந்து ஏறி ஒரு முறை இறங்கியவர்கள், இப்போது ஒரே சரிவில் பத்து முறை இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் மிதித்ததில் பனி இறுகிக் கெட்டியானது. பிறகு இயந்திரங்களும் வந்து சமன்படுத்தின.

மூன்று, இரும்பு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் 1920-களில் மரப் பலகையின் ஓரத்தில் எஃகுப் பட்டைகளைத் திருகிப் பதித்தார். கெட்டிப்பனியைக் கடிக்கக் கத்தி கிடைத்துவிட்டது.

இந்த மூன்றும் சேர்ந்ததும், நல்ல ஸ்கீ என்றாலே கெட்டிப்பனியில் வேகமாகப் போகும் ஸ்கீ என்று ஆகிவிட்டது. பந்தயத்தில் ஜெயித்த பலகை நீளமாக, ஒல்லியாக, விறைப்பாக இருந்தது. கம்பெனிகள் அதையே விளம்பரம் செய்தன. விறைப்பு திறமைக்கு அடையாளமானது, மென்மை கற்றுக்குட்டிக்கு என்று முத்திரை குத்தப்பட்டது.

இந்த நேரத்தில்தான் ஹோவர்ட் ஹெட் வருகிறார். டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும், ராக்கெட்டில் 'ஹெட்' என்று எழுதியிருக்குமே, அதே ஹெட். விமானத் தொழிற்சாலைப் பொறியாளர். 1947-இல் ஸ்கீ கற்றுக்கொள்ளப் போய்த் தடுமாறினார். குறை தன்னிடம் மட்டும் இல்லை, மரப் பலகையிடமும் இருக்கிறது என்று முடிவு செய்தார். விமானத்துக்கு உடல் கட்டுவதுபோல் நடுவில் மெல்லிய மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு வைத்து சாண்ட்விச் செய்தார். செய்த பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. திருத்தித் திருத்திச் செய்து 1950-இல் 'ஹெட் ஸ்டாண்டர்ட்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இதில் என்ன புதுமை? நான் முதலில் சொன்ன இரண்டு விறைப்புகளையும் அவர் பிரித்துவிட்டார். மரத்தில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடிவிடும். செவ்வகப் பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் வளைவு விறைப்பு எட்டு மடங்காகும், இது பௌதிகக் கணக்கு. அலுமினிய சாண்ட்விச்சோ நெடுக்கில் இதமாக வளைந்தது, முறுக்கை மட்டும் எதிர்த்தது. சாதாரண மனிதர்கள் எளிதாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். பழைய ஆட்கள் அதற்கு 'ஏமாற்றுப் பலகை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எளிதாக்கினால் ஏமாற்று! இந்த மனப்பான்மையை எந்தத் துறையில்தான் பார்க்கவில்லை?

அதற்கும் ஒரு குறை இருந்தது. வேகத்தில் அலுமினியம் அதிர்ந்தது. பின்னர் ரப்பர் அடுக்கு வைத்து அந்த அதிர்வை அடக்கினார்கள். 1960 ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே உலோக ஸ்கீயில் தங்கம் வென்றபின், பந்தயக்காரர்களும் உலோகத்துக்கு வந்தார்கள். அடுத்து ஃபைபர் கிளாஸ் வந்தது.

சரி, பொடிப்பனி என்ன ஆனது? 1965-இல் ஹான்ஸ் க்மோசர் என்ற மலை வழிகாட்டி கனடாவின் பகபூ மலைகளில் ஹெலிகாப்டரில் ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிடும் தொழிலைத் தொடங்கினார். யாரும் மிதிக்காத பனி. ஆனால் காலில் இருந்தது கெட்டிப்பனிக்குச் செய்த ஒல்லிப் பலகை. கைதேர்ந்தவர்கள் சமாளித்தார்கள், மற்றவர்கள் புதைந்து புதைந்து எழுந்து களைத்துப்போனார்கள்.

1980-களின் கடைசியில் ஆட்டோமிக் கம்பெனியின் ரூபர்ட் ஹூபர் அகலமான பலகையைச் செய்தார். ஒரு ஸ்னோபோர்டை நெடுக்காக அறுத்து இரண்டாக்கிப் பார்த்ததில் பிறந்த யோசனை என்று சொல்கிறார்கள். அதன் செல்லப்பெயர் 'குண்டுப் பையன்'. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 180 செ.மீ. நீளப் பலகையின் அகலம் 6.5 செ.மீ.யிலிருந்து 11.5 செ.மீ. ஆனால் பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. அதே எடை, கூடுதல் பரப்பு, குறைந்த அழுத்தம். மிதக்காமல் என்ன செய்யும்? முதலில் சிரித்தார்கள். ஆனால் வயதானவர்களும் நடுத்தரத் திறமை உள்ளவர்களும் நாள் முழுக்க ஆழ்பனியில் இறங்க முடிந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அல்தாய் வேட்டைக்காரர் இதைப் பார்த்திருந்தால், "இதற்கு இத்தனை காலமா?" என்று கேட்டிருப்பார்.

1993-இல் ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி இடுப்பை இன்னும் ஆழமாக ஒடுக்கிய பலகையைக் கொண்டுவந்தது. நூர்ஹெய்மின் பழைய யோசனைதான், புதிய பொருள்களில். அதன்பின் நீளம் குறைந்தது. ஸ்லாலம் பந்தயத்தில் ஆண்கள் 2 மீட்டர் நீளப் பலகையில் இறங்கிய காலம் போய், இன்று விதிப்படி குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ.

கடைசிப் பெரிய திருப்பம் ஷேன் மெக்கான்கி (1969-2009). வழக்கமான ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல் தூக்கி நிற்கும். அவர் அதைத் தலைகீழாக்கினார். நடு தரையைத் தொடும், முனைகள் இரண்டும் மேலே தூக்கி நிற்கும். நடுவில் அகலம், முனைகளில் ஒடுக்கம். பனியில் தண்ணீர் ஸ்கீயை மாட்டிக்கொண்டே அலாஸ்கா மலையில் இறங்கிக் காட்டினார். 2002-இல் வோலன்ட் கம்பெனி வழியாக வந்த அந்தப் பலகையின் பெயர் 'ஸ்பாட்சுலா', நம் வீட்டுத் தோசைத்திருப்பி! பொடிப்பனியில் அற்புதம், கெட்டிப்பனியில் படு மோசம்.

இந்த இரண்டு துருவங்களும் கண்ணெதிரே நின்றபின்தான் எல்லாப் பனிக்குமான பலகை உருப்படியாக வந்தது. எப்படி? விறைப்பில் பாதி, மென்மையில் பாதி என்று கலந்து அல்ல. காலடியில் விறைப்பும் வில் வளைவும், மூக்கில் மென்மையும் தூக்கலும் என்று இடம் பிரித்துக் கொடுத்து. அன்று காலுக்குக் கால் பிரித்த வேலையை, இன்று ஒரே பலகையின் அங்குலத்துக்கு அங்குலம் பிரிக்கிறார்கள்.

ஆகவே வாங்குபவர் கவனிக்க வேண்டியது இது. கடினமான சமன்படுத்திய சரிவில் அதிக நாள் இறங்குபவருக்கு, எடையும் வேகமும் கூடியவருக்கு, விறைப்பு உதவும். எடை குறைந்தவரும் கற்றுக்கொள்பவரும் விறைப்பான பலகையை வளைக்கவே முடியாமல் தவிப்பார்கள். வளையாத பலகை திரும்பாது, திரும்பாத பலகை நிற்காது. ஜப்பானின் ஹொக்கைடோவிலோ நம் குல்மார்க்கிலோ ஆழ்பனி தேடிப் போகிறவருக்கு 11 செ.மீ.க்கு மேல் அகலம் நல்லது. இரண்டும் கலந்து பார்ப்பவருக்கு 8.5 முதல் 10 செ.மீ. வரை உள்ள நடுத்தரப் பலகை போதும். சாம்பியன் எதை மாட்டுகிறார் என்பது சாம்பியனின் பனிக்கும் சாம்பியனின் காலுக்கும் பொருந்திய விடை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அகலப் பலகை ஆழ்பனியை எளிதாக்கியது, பனிச்சரிவு அபாயத்தைக் குறைக்கவில்லை. முன்பு அந்தச் சரிவுக்குப் போகும் திறமை வர ஆண்டுக்கணக்காகும், அதற்குள் மலையைப் படிக்கவும் கற்றுக்கொள்வார்கள். இன்று பலகை முதல் நாளே அங்கே கூட்டிப்போய்விடும். காசு கொடுத்தால் பலகை கிடைக்கும், மலையைப் பற்றிய அறிவு கூடவே வராது. வழிகாட்டி இல்லாமல், அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைப் படிக்காமல், எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

பனி நாடுகளில் இருக்கும் என் பழைய மாணவர்கள், உங்கள் மலையில் எந்தப் பனி, காலில் எந்தப் பலகை என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.