டிராம் தடம் முடியும் இடம்

ரோலர் கோஸ்டரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ரஷ்ய மலைகள்’ என்கிறார்கள். ரஷ்யர்களோ ‘அமெரிக்கக் குன்றுகள்’ என்கிறார்கள். முதல் பெயருக்குக் காரணம் எளிது. 18-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில், குளிர்காலத்தில் உயரமாக மரச்சாரம் கட்டி, சரிவில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு, அதில் சறுக்கி விளையாடினார்கள். இரண்டாவது பெயரின் காரணத்தைத் தேடினால் பென்சில்வேனியாவின் ஒரு நிலக்கரி மலைக்குப் போகவேண்டும்.

அந்த ஊருக்கு இப்போது ஜிம் தோர்ப் என்று பெயர். அன்றைக்கு மாக் சங்க். மலைமேல் வெட்டிய கரியை லீஹை ஆற்றங்கரைக்குக் கொண்டுவர 1827-இல் ஒன்பது மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. கரி ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு வரும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். அந்தக் கழுதைகளும் கரியோடு கரியாக வண்டியேறித்தான் கீழே வரும். இந்தச் சவாரிக்குப் பழகிய கழுதைகள் பிறகு கீழே நடந்துவர மறுத்துவிட்டன என்று ஒரு கதை உண்டு. என் மகளிடம் இதைச் சொன்னபோது, “கழுதைக்கே புடிச்சிருக்குப்பா, உனக்கு மட்டும் ஏன் பயம்?” என்றாள்.

1840களில், நீராவி எஞ்சினால் வண்டிகளை மேலே இழுக்கும் தனித்தடம் வந்தது. 1872-இல் மலையைக் குடைந்து ரயில் பாதை வந்ததும் கரிக்கு இந்தப் பழைய தடம் தேவைப்படவில்லை. வண்டியில் கரிக்குப் பதிலாக ஆட்களை ஏற்றினார்கள். 1933 வரை அது சுற்றுலாப் பயணிகளுக்காகவே ஓடியது. ஜனங்கள் அதை ‘ஸ்விட்ச்பேக்’ என்று அழைத்தார்கள். 1884-இல் லாமார்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் மரத்தால் கட்டிய சவாரியின் பெயரும் ‘ஸ்விட்ச்பேக் ரயில்வே’தான். மணிக்கு ஆறு மைல் வேகம், கட்டணம் ஐந்து சென்ட். வேலைக்காக உண்டான ஒன்று அப்படித்தான் விளையாட்டாக மாறியது.

அந்த விளையாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனது டிராம் வண்டி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. வாரநாளில் ஆலைக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி காலியாக ஓடியது. கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. தடம் முடியும் இடத்தில், ஊருக்கு வெளியே, மரநிழல் உள்ள நிலமாகப் பார்த்து ஒரு பூங்கா. அதில் நடன மண்டபம், குடைராட்டினம், பாண்டு வாத்தியம், பிறகு ரோலர் கோஸ்டர். லாபம் முக்கியமாக டிராம் டிக்கெட்டில். இப்படிப் பிறந்தவற்றுக்கு டிராம் பூங்காக்கள் என்றே பெயர். அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பவை வெகு சில.

கடந்த சில கோடைகளாக அந்தச் சிலவற்றைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறோம். மகளுக்கு உயரம் கூடக்கூட ஏறக்கூடிய சவாரிகளும் கூடுகின்றன. ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மா எதிலும் ஏறமாட்டாள், ஆனால் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை.

பிட்ஸ்பர்க் பக்கத்திலுள்ள கென்னிவுட், 1898-இல் மெல்லன் குடும்பத்தின் பிடியில் இருந்த மொனோங்கஹீலா டிராம் கம்பெனி தொடங்கியது. ஆற்றுக்கு அந்தக் கரையில் கார்னகி கட்டிய எட்கர் தாம்ஸன் உருக்காலையின் புகைபோக்கிகள் தெரிகின்றன. வாரமெல்லாம் அங்கே உலைமுன் வெந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்திருப்பார்கள். ஆலைகளும் பள்ளிகளும் ஆண்டுக்கு ஒருநாள் கூட்டமாகச் சோற்றுக்கூடை கட்டிக்கொண்டு வருவது இங்கே பெரிய வழக்கம். ஸ்லோவாக் நாள், இத்தாலி நாள், போலந்து நாள் என்று புலம்பெயர்ந்த ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒருநாள் என்பதும் உண்டு. இதைக் கேட்ட அம்மா, “நம்மூர்ல கொடைக்கு ராட்டினம் போடுவாம்லா, அது மாதிரிதான்” என்று முடித்துவிட்டாள்.

கென்னிவுட்டில் 1920-இல் ஜான் மில்லர் கட்டிய ‘ஜாக் ராபிட்’ இன்றும் ஓடுகிறது. அந்த இடத்தில் இயற்கையாகவே ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. மில்லர் மேட்டை உண்டாக்குவதற்குப் பதில் இருக்கும் பள்ளத்துக்குள் தடத்தை இறக்கிவிட்டார். நாம் ஏறும்போது கேட்கும் ‘டக் டக்’ சத்தமும் அவர் கைவேலைதான். இழுக்கும் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, ஓர் இரும்புக் கொக்கி தடத்தின் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து பிடித்துக்கொண்டே வருகிறது. பயமுறுத்துகிற சத்தமே பாதுகாப்பின் சத்தம்.

ஆனால் மில்லரின் பெரிய காரியம் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு முந்தைய வண்டிகளில் சக்கரம் தடத்தின்மேல் இருக்கும், பக்கவாட்டில் உராய்ந்து பிடிக்க இன்னொன்று இருக்கும், அவ்வளவுதான். வேகமாக மேட்டைத் தாண்டினால் வண்டி கழன்று பறந்துவிடும். அதனால் மேடுகள் தாழ்ந்தே இருந்தன. பென்சில்வேனியாவின் ஆல்டூனா ஊரில் 1902-இல் கட்டிய ‘லீப் த டிப்ஸ்’ அந்த வகையில் மிஞ்சி நிற்பது. அதன் உயரம் 41 அடி. மில்லர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்து 1919-இல் காப்புரிமை வாங்கினார். வண்டி பறக்கப் பார்க்கும், கீழ்ச்சக்கரம் விடாது. உள்ளே இருக்கிற நாம் மட்டும் இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழும்புவோம், வயிறு தொண்டைக்கு வரும். 1920களில் அமெரிக்கா முழுக்க ரோலர் கோஸ்டர்கள் முளைத்ததற்கு இந்தச் சின்னச் சக்கரம் முக்கியக் காரணம்.

இதுவரை சொன்னது இன்பமான வரலாறு. வாஷிங்டனுக்கு வெளியே போட்டோமாக் ஆற்றங்கரையிலுள்ள கிளென் எக்கோவில் இன்னொரு வரலாறு இருக்கிறது. அதுவும் டிராம் தடத்தின் முடிவில் இருந்த பூங்காதான். இப்போது ராட்டினங்கள் இல்லை. 1921-இல் வந்த குடைராட்டினம் ஒன்று மட்டும் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் சுற்றுகிறது. அங்கே வைத்திருந்த விளக்கத்தை மகள் ஆச்சிக்காக உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னாள். டிராம் ஏறிக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்றிருந்த அந்தப் பூங்காவில் கறுப்பின மக்களுக்கு மட்டும் இடமில்லை. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் உள்ளே வந்து இதே ராட்டினத்தில் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரைக் கைது செய்தார்கள். கோடை முழுக்க மாணவர்கள் வாசலில் மறியல் செய்ய, பக்கத்துக் குடியிருப்பின் வெள்ளையர்கள் பலரும் சேர்ந்து நின்றார்கள். 1961-இல் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. அந்த ஐவர்மீதான தண்டனையை 1964-இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

“ராட்டினத்துல உக்காந்ததுக்கா போலீஸ் புடிச்சாங்க?” என்று மகள் கேட்டாள். அம்மா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கூர்க் குளத்துலயும் எல்லாரையும் எறங்க விட்டதில்ல, ட்டி. நான் எறங்குவேன். எங்கூடப் படிச்சவ கரையில நிப்பா” என்றாள். அம்மா இதுவரை எனக்கு இதைச் சொன்னதில்லை. ஒரு குடைராட்டினத்தின் முன்னால் நின்று பேத்திக்குச் சொன்னாள்.

கிளென் எக்கோ தனித்த விஷயமில்லை. 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், ஒரு கேளிக்கைப் பூங்கா கறுப்பினக் குழந்தைகளுக்குக் கிடையாது என்பதைத் தன் ஆறு வயது மகளிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கும் இடம் வருகிறது. அதே ஆண்டு பால்டிமோரின் க்வின் ஓக் பூங்காவில் பாதிரிமார்களும் ரபிகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஆகஸ்ட் 28 அன்று, வாஷிங்டனில் கிங் தன் கனவைப் பேசிய அதே நாளில், அந்தப் பூங்கா எல்லாருக்கும் திறந்தது. ஷாரன் லாங்லி என்ற 11 மாதக் குழந்தையை அப்பா குதிரைமேல் பிடித்து உட்காரவைத்தார். அங்கே ராட்டினமேறிய முதல் கறுப்பினக் குழந்தை. அந்தக் குடைராட்டினம் 1981-இல் வாஷிங்டன் நேஷனல் மாலுக்கு வந்து சேர்ந்தது.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. கதவு திறந்த சில ஆண்டுகளிலேயே பூங்காக்கள் மூடத் தொடங்கின. சிகாகோவின் ரிவர்வியூ 1967, கிளென் எக்கோ 1968, கிளீவ்லாண்டின் யூக்ளிட் பீச் 1969, நியூஜெர்சியின் பாலிசேட்ஸ் 1971. டிராம் நின்றுபோனது, கார் வந்தது, நிலத்தின் விலை ஏறியது என்று பல காரணங்கள். எல்லாரும் வரக்கூடிய இடத்துக்கு வர விரும்பாத வெள்ளையர்கள் விலகியதையும் விக்டோரியா வுல்காட் போன்ற வரலாற்றாசிரியர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். பல ஊர்களில் சேர்ந்து குளிப்பதைவிட நீச்சல்குளத்தையே மூடுவது மேல் என்று நினைத்தார்கள். இதற்கு முன்பே, 1955-இல், வேறொரு வகைப் பூங்கா கலிஃபோர்னியாவில் திறந்துவிட்டது. டிஸ்னிலாண்டுக்கு நெடுஞ்சாலையில் காரில் வரவேண்டும். சுற்றிலும் கரை, ஒரே வாசல், வாசலில் கட்டணம். நாடெங்கும் இதுவே வழக்கமாயிற்று.

1972-இல் ஆக்னெஸ் புயல் க்வின் ஓக் பூங்காவைச் சிதைத்தது, அதோடு அது முடிந்தது. அதே புயலின் வெள்ளம் பென்சில்வேனியாவின் எலிஸ்பர்க்கில் கனோபல்ஸ் பூங்காவிலும் புகுந்தது. 1926 ஜூலை 4 அன்று திறந்த பூங்கா அது, இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அவர்கள் சேற்றை வாரிவிட்டு மறுபடி திறந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் மூடிக்கிடந்த ஒரு பூங்காவில் 1947-இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் வீணாக நிற்பதைக் கேள்விப்பட்டு, அதை வாங்கினார்கள். சட்டம் சட்டமாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி, 1985-இல் இங்கே நிறுத்தினார்கள். பெயர் ‘ஃபீனிக்ஸ்’. கடைசி மேடுகளில் அது இருக்கையிலிருந்து தூக்கும் தூக்கலுக்காக, இதைவிட உயரமானவற்றை விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் கனோபல்ஸைச் சொல்வது ஃபீனிக்ஸுக்காக மட்டுமில்லை. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தவும் காசில்லை. ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட். இது ஏதோ சிக்கனக் கணக்காகத் தோன்றலாம். வாசலில் தலைக்கு இத்தனை டாலர் என்று வாங்கும் பூங்காவில், எதிலும் ஏறாத ஒருத்திக்கும் நுழைவதற்கே பணம் கட்டவேண்டும். அதனால் பாட்டிமார்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். கனோபல்ஸில் மரத்தடி பெஞ்சுகளில் பாட்டிமார்கள் நிறைய. பைகளைக் காவல் காக்கிறார்கள், குழந்தைகளின் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறார்கள். என் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவிக்குத் தமிழ் வராது. நாங்கள் ஃபீனிக்ஸ் வரிசையில் நின்ற முக்கால் மணிநேரமும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.