மாணவர் கிளர்ச்சி ஆவணப்படங்கள் (மலேசியா)

மாணவர் கிளர்ச்சிகளை நேரிலே படம்பிடித்தும், பழைய படச்சுருள்களையும் பங்கேற்றோரின் சாட்சியங்களையும் பின்னாளில் திரட்டியும் ஆக்கப்படுபவை இவ்வகைப் படங்கள். மலேசியாவில் இவற்றின் சரித்திரம் தோட்டத் தொழிலாளரின் சரித்திரத்தோடு பிணைந்தது.

முன்வரலாறு: 1946-இல் தோன்றி, பின்னர் 'பிலெம் நெகாரா' எனப் பெயர்பெற்ற மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப்படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தமிழ் விளக்கவுரையோடு தோட்டங்களுக்குக் கொண்டுசென்றன. பொழுது சாய்ந்ததும் திடலில் வெண்திரை கட்டப்படும். விடியற்காலையிலேயே பால்மரம் வெட்டப் போய்வந்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு தரையில் அமர்ந்து பார்ப்பார்கள். அத்திரையில் பேசியது அரசாங்கமே. கூலி உயர்வு கேட்டவரின் குரலுக்கு அங்கே இடமிருந்ததில்லை.

கிளர்ச்சிக் காலம்: 1967-இல் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்குக் கால்நடையாகவே சென்றனர். அதே ஆண்டில், தெலுக் கோங்கில் நிலமின்றித் தவித்த குடியானவர்களுக்காக மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1974-இல் தாசெக் உத்தாரா குடிசைவாசிகளுக்காகவும் பாலிங் விவசாயிகளுக்காகவும் மாணவர்கள் போராட, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். மாணவர் அரசியலைக் கட்டுப்படுத்திய 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் 1975-இல் மேலும் கடுமையாக்கப்பட்டது.

அதே வேளையில் இந்தியாவில், ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையேற்ற பீகார் மாணவர் இயக்கத்தை ஆனந்த் பட்வர்தன் படமாக்கினார். சூப்பர் 8 சுருளில் பிடித்த காட்சிகளைச் சிறு திரையிலே ஓடவிட்டு, அவற்றை 16 மில்லிமீட்டர் சுருளில் மறுபடி எடுத்து உருவான அப்படம், நெருக்கடிநிலைக் காலத்தில் துண்டுதுண்டாக நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டுக் கனடாவில் ஒன்றுசேர்க்கப்பட்டது.

மறுமலர்ச்சி: 2003-இல் கோமாஸ் அமைப்பு தொடங்கிய சுதந்திரத் திரைப்பட விழா, மலேசிய ஆவணப்படக்காரர்களுக்கு அரங்கம் அமைத்தது. ஃபாமி ரெஸா 2007-இல் வெளியிட்ட 'செபூலு தாஹுன் செபெலும் மெர்டேக்கா', 1947 அக்டோபர் 20-இல் நடந்த ஹர்த்தால் என்னும் கடையடைப்புப் போராட்டத்தை அதில் பங்குகொண்ட முதியோர் வாயிலாகவே சொல்லிற்று. ஃபாமி ரெஸா பின்னர் அறுபதுகளின் மாணவர் இயக்கத்தைப் பற்றியும் பொது உரைகள் நிகழ்த்தினார். ஆயினும், தணிக்கைக்கு உட்படாத படத்தைத் திரையிடுவதைக் குற்றமாக்கிய 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முயற்சிகளுக்குத் தடையாகவே நிற்கிறது. ஈழப்போர் பற்றிய ஆவணப்படமொன்றைத் திரையிட்டதற்காகக் கோமாஸைச் சேர்ந்த லீனா ஹென்ட்ரிக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

1967-இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதை ஒட்டிய வயதினர். அவர்கள் உள்ளபோதே அவர்தம் வாய்மொழியைப் படத்தில் பதிந்து வைப்பது, தோட்டத்துப் பிள்ளைகளாய்ப் பிறந்து பல்கலைக்கழகம் சென்ற தமிழ் இளைஞர் ஒத்திப்போடத் தகாத கடமையாகும்.