திமிஷ்க் பள்ளிவாயிலின் பொற்சோலை

இஸ்லாத்தில் உருவங்களுக்கு இடமில்லை. ஆகவே முஸ்லிம்களுக்கு ஓவியக் கலையும் இல்லை என்போர் உளர். நம்மவரிலும் சிலர் அதனை அப்படியே ஏற்கின்றனர். இதற்கு மறுமொழி திமிஷ்க் நகரத்துப் பெரிய பள்ளிவாயிலின் சுவரிலேயே இருக்கிறது.

உமைய்யா கலீஃபா முதலாம் வலீத் (ஆட்சி: ஹிஜ்ரி 86–96, கி.பி. 705–715) எழுப்பிய பள்ளி அது. முற்றத்தின் மேற்குத் தாழ்வாரச் சுவரில், ஏறத்தாழ 34 மீட்டர் நீளத்துக்கு ஒரு நிலக்காட்சி விரிந்து கிடக்கிறது. வண்ணச் சில்லுகளைப் பதித்துச் செய்யும் இவ்வேலையை அரபியில் 'ஃபுஸைஃபிஸா' என்பர். சாந்துப் பூச்சின் கீழ் மறைந்திருந்த இப்பகுதி 1920களின் இறுதியில்தான் வெளிப்பட்டது.

இதனை எவ்வாறு நோக்குவது? முதலில் உள்ளதைக் காண்போம்: அடியில் ஓடும் ஆறு, கரையில் ஓங்கிய மரங்கள், இடையே மாளிகைகளும் சிற்றூர்களும், வானத்தின் இடத்தில் பொன். அடுத்து இல்லாததைத் தேடுவோம்: மாளிகை வாயிலில் நிற்பார் இல்லை, விலங்கும் பறவையும் இல்லை. இலைகளில் ஒளியும் நிழலும் காட்டத் தெரிந்த கைகள் மனிதரை வரைய அறியாதிருந்தன எனல் பொருந்தாது. வேண்டுமென்றே விட்டிருக்கின்றனர். வேலைமுறையோ பைசாந்திய மரபினது. அதை ஒப்புவதில் நமக்குக் குறைவில்லை. பிறர் கலையைக் கற்று, தம் கொள்கைக்கு இசைய அதனை மாற்றியதே பெருமை.

இக்காட்சியின் பொருள் யாது? நகரருகே ஓடும் பரதா ஆறு என்பர் சிலர். ஆனால் பொன் வானமும் ஆளில்லா மாளிகைகளும் அதற்கு ஒத்துவரவில்லை. ஆறுகள் ஓடும் சுவனச் சோலை என்பர் வேறு சிலர். பத்தாம் நூற்றாண்டு நூலாசிரியர் அல்முகத்தஸியோ, அறியப்பட்ட மரங்களும் ஊர்களும் அநேகமாக யாவும் அச்சுவர்களில் தீட்டப்பட்டுள்ளன என்கிறார். நம் உள்ளம் சுவனத்தையே நாடும். ஆயினும் விருப்பம் வேறு, சான்று வேறு. இன்னது இதுவெனக் கூறும் எழுத்து அக்காட்சியில் இல்லை.

அதே ஆசிரியர், இப்பொருளைச் சாலைகளுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் செலவிட்டிருக்கலாமே என்று தம் தந்தையின் உடன்பிறந்தாரிடம் கேட்டாராம். ஷாம் நாட்டுத் தேவாலயங்களின் அழகில் முஸ்லிம்கள் மயங்காதிருக்கவே வலீத் இவ்வாறு செய்தார் என்பது கிடைத்த விடை. ஓவியத்தில் அரசியலும் உண்டு என்பது இதனால் விளங்கும்.

1893ஆம் ஆண்டுத் தீயில் பள்ளி பெருஞ்சேதமுற்றது. பின்னர்ப் பல இடங்கள் புதுப்பிக்கப்பட்டன. எனவே இக்காட்சியின் படம் நூல்களில் கிடைக்கும்போது, நம் பிள்ளைகளை நான்கு கேள்விகள் கேட்கப் பழக்குவோம்: என்ன இருக்கிறது, என்ன இல்லை, எது பழையது, யார் எதற்காகச் செய்வித்தார்? புகழ்வதை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.