சேக்கிழார் காட்டும் அச்சம்

தொண்டைநாட்டுப் புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தே பெரியபுராணம் இயற்றினார் என்பது அறிஞர் பலர் கொள்கை. ஆடவரும் மகளிரும் தம் உணர்வையும் பிறர் உணர்வையும் அறியும் திறத்தில் வேறுபடுதலை அப்பெருநூல் யாங்ஙனம் காட்டுகின்றது என்பதை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

தொல்காப்பியர் களவியலுள் பெருமையும் உரனும் ஆடவர்க்கும், அச்சமும் நாணும் மடனும் மகளிர்க்கும் உரியன என்றார். மெய்ப்பாட்டியலுள் அச்சம் முதலிய எட்டினையும் கூறுங்கால், அவற்றைப் பால்பற்றிப் பிரித்தாரல்லர். இவ்விரண்டாம் நெறியே சேக்கிழாருக்கு உடன்பாடு போலும்.

காரைக்காலம்மையாரைச் சுந்தரர் 'பேயார்' என்னும் ஒரு சொல்லாற் சுட்டினார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டாற் போற்றினார். ஆண்டுப் பரமதத்தன் பெயர் இல்லை. அவ்வணிகன் மனநிலையை விரித்தவர் குன்றத்தூர்ப் புலவரே.

இறையருளால் வந்த மாங்கனி தன் கையிற் புக்கு மறைந்தபோது பரமதத்தன் அஞ்சினான். மனைவியைத் தெய்வமென எண்ணினான். எண்ணியதை அவளுக்கும் உரைத்திலன், பிறர்க்கும் உரைத்திலன். உடனுறைந்தும் தொடர்பின்றி ஒழுகினான். பின்னர்க் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். உரன் உடையானாகச் சொல்லப்பட்ட ஆடவனை அச்சமே கடல்கடக்கச் செய்தது. வாணிகம் என்பது அதற்குப் போர்வையாயிற்று.

புனிதவதியாரும் அஞ்சினார். கணவன் சுற்றத்தார் முன் தம் அடியில் வீழக் கண்டு ஒதுங்கி நின்றார். ஆயின் அவன் காரணம் கூறிய அளவிலேயே அவன் உட்கோள் இன்னதெனத் தெளிந்தார். அவன்பொருட்டுத் தாங்கிய வனப்பு இனி வேண்டா என வாய்விட்டு இறைவனிடம் வேண்டினார். அச்சம் இருவர்க்கும் பொது. அதனை அறிந்து சொல்லாக்கும் திறமே வேறு.

இவ்வேறுபாட்டை இயற்கை என முடித்தல் கூடாது. இது பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆடவர் ஒருவர் வரைந்த சித்திரம். அம்மையார் பாடியனவாக எஞ்சிய அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, மூத்த திருப்பதிகம் இரண்டு ஆகியவற்றுள் கணவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் உள்ளத்தை அவர் வாய்மொழியால் அறிய விழைவார்க்கு அங்குக் கிடைப்பது இறைவன்பாற் கொண்ட காதலும், ஆலங்காட்டுப் பேய்க்கூத்துமேயாம்.

பரமதத்தன் ஒருகாலும் உணர்வை வெளியிடவில்லை எனலும் பொருந்தாது. பாண்டிநாட்டிற் பிறந்த தன் பெண்மகவுக்கு அவன் இட்ட பெயர், காரைக்காலில் விட்டுவந்த மனைவியின் பெயரே.