பெரட்டில் பேர் வாசிக்காத நாள்

போன வருசம் அப்பாயிக்கு மருந்து வாங்க ஹட்டன் டவுனில் ஒரு பாமசிக்குப் போயிருந்தோம். காசு கொடுத்ததும் கவுண்டரில் நின்ற தங்கச்சி, "பற்றுச்சீட்டு வேணுமா அம்மா?" என்று கேட்டது. அப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுக்கு நமக்கு பத்துச்சீட்டு?" என்றார். சிரிப்பு வந்தாலும் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பாமசிக்காரத் தங்கச்சிக்கு அது வெறும் ரசீது. தோட்டத்தில் பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்தும் கடிதம். அதைக் கையில் வாங்கினவர் மலையில் கொழுந்தெடுக்க முடியாது, லயத்துக் காம்பராவிலும் இருக்க முடியாது. அப்பாயியின் அண்ணனுக்கு அது கிடைத்த கதையை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காலையில் தப்பு அடித்து, பெரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும்போது அவர் பேரை வாசிக்கவில்லை. செக்ரோலில் வெட்டியாகிவிட்டது. "தொண்டையச் செருமிக்கிட்டு மறுபடி வாசிப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தாரு" என்பார் அப்பாயி. சீட்டு சாயங்காலம்தான் வந்தது, அதுவும் இங்கிலீசில்.

வேலை போகப்போகிறது என்பதை ஒரு ஆளுக்கு எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும்? மனிதவள முகாமைத்துவ நோட்ஸில் இது ஏதோ நாகரிகம் சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி இருக்கும். தனியறையில் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை சொல்லாதீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று. நம் நாட்டில் அந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருசச் சட்ட வரலாறு இருக்கிறது. அது தொடங்கிய இடம் கொஞ்சம் வேடிக்கையானது. முன்னறிவித்தல் கொடுக்காதவருக்கு ஜெயில் என்று அன்றைய சட்டம் சொன்னது, ஆனால் ஜெயிலுக்குப் போக வேண்டியவர் துரை இல்லை.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளி குற்றவாளி. அவரைப் பிடித்துச் சிறையில் போடலாம். பிறகு 1889இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென்று தனியாக 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. வாய்ப்பேச்சில் சேர்ந்தவரின் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம் தானாகப் புதுப்பிக்கப்படும், முடிக்க விரும்பும் தரப்பு ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். துரைக்கும் ஒரு மாதம், தொழிலாளிக்கும் ஒரு மாதம். வாசிக்க ரொம்ப நியாயமாகத் தெரியும். ஆனால் கங்காணியிடம் கடன் இருக்கிறவர் அந்த ஒரு மாதத்தை வைத்து என்ன செய்வார்? வேறு தோட்டத்தில் சேர அவருக்குத் 'துண்டு' வேண்டும். கடனை அடைத்தால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை அவருடைய நோட்டீசுக்குப் பெறுமதி இல்லை. துரையுடைய நோட்டீஸ் மட்டும் எப்போதும் செல்லும்.

முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டால் போதுமா என்று கேட்பவர்களுக்கு 1939ஐ ஞாபகப்படுத்தலாம். அந்த வருசம் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இலங்கையர் அல்லாதவர்களை நிறுத்த முடிவெடுத்தது. அதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. திட்டம் போட்டு, அறிவித்துத்தான் செய்தார்கள். அதைப் பற்றிப் பேச ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். அமைச்சர்கள் இறங்கி வரவில்லை. அந்த வருகையின்போதுதான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, அதைச் சொல்லும் விதம் மட்டும் ஒழுங்காக இருந்தது. வேலை போனவருக்கு அந்த ஒழுங்கால் என்ன பிரயோசனம்?

அடுத்தது கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்ததே இதனால்தான். கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அப்போது விவசாய, காணி அமைச்சர் டி.எஸ். சேனாநாயக்க. நிலமில்லாத சிங்களக் கிராமத்து மக்களுக்குக் காணி தேவைப்பட்டது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஏற்கெனவே குடும்பத்தோடு இருந்தார்கள். 1946இல் அவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. வேலை முடிந்தது, இந்தத் திகதிக்குள் வீட்டை விடு என்று. சட்டப்படி பார்த்தால் 'முன்னறிவித்தல்' கொடுத்தாகிவிட்டது.

அவர்கள் போகவில்லை. அவர்களுக்காகப் பக்கத்துத் தோட்டங்களும், பிறகு மற்ற மாவட்டத்துத் தோட்டங்களும் வேலை நிறுத்தம் செய்தன. போகாதவர்கள் மேல் குற்றவியல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். சொந்தக் காம்பராவில் அடுப்பு பற்ற வைத்தவர் அத்துமீறியவராம். கீழ் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1950இல் தீர்ப்பு தொழிலாளி பக்கம் வந்தது. காணி உரிமையாளருக்குத் தொந்தரவு கொடுக்கும் எண்ணம்தான் ஒருவருடைய முதன்மையான நோக்கம் என்று நிரூபித்தால் மட்டுமே அது இந்தக் குற்றமாகும், தான் இருப்பதால் மற்றவருக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருப்பது போதாது என்றது கோமறைக் கழகம். அந்த ஆளுக்குத் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

தீர்ப்பு வந்த நேரம் கொஞ்சம் கசப்பானது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அதற்குள் வந்துவிட்டது. வீட்டில் இருந்தது குற்றமில்லை என்று இலண்டன் சொல்லும்போது, நாடே உன்னுடையதில்லை என்று கொழும்பு சொல்லி முடித்திருந்தது.

இதற்குப் பிறகு ஆட்குறைப்புக்கென்றே கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் விதிகள் சேர்ந்தன. ஆட்களைக் குறைக்க நினைக்கும் முதலாளி தொழிலாளிக்கோ சங்கத்துக்கோ முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், தொழில் ஆணையாளருக்கும் பிரதி அனுப்ப வேண்டும். 'குறைத்துவிட்டோம்' என்று சொல்வதற்கும் 'குறைக்க நினைக்கிறோம்' என்று சொல்வதற்கும் நடுவில் பேச ஒரு இடைவெளி உண்டாகிறது. இருந்தாலும் கடைசிச் சொல் முதலாளியுடையதுதான்.

பெரிய திருப்பம் 1971. ஏப்ரலில் கிளர்ச்சி, வேலையில்லாத இளைஞர்கள், அடக்குமுறை. அதே வருசத்தில்தான் 45ஆம் இலக்க வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. பேர் நீளம், விசயம் சின்னது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு வழிதான். ஒன்று, அந்த ஆளே முன்கூட்டி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. ஆணையாளர் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லலாம். ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்தினாலும் காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் காரணம் தெரியாமல் நின்ற மாமாவை நினைத்தால் இந்தச் சின்ன விதி எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

1971க்கு முன்னால் முதலாளி சொன்னார், தொழிலாளி கேட்டுக்கொண்டார். இதற்குப் பிறகு முதலாளி கேட்க வேண்டும். கணக்கைக் காட்டி, நட்டம் உண்மைதானா என்று ஒரு அதிகாரி முன்னால் வாதாட வேண்டும், தொழிலாளி அங்கேயே மறுத்துப் பேசலாம்.

முதலாளிமாருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர்கள் சொல்வதில் ஞாயம் இல்லாமலும் இல்லை. ஓடர் நின்றுபோன கம்பனி, விசாரணை முடியும்வரை சம்பளம் கொடுக்க முடியாமல் மொத்தமாக மூடிவிடும் ஆபத்து உண்டு. 2003இல் திருத்தம் வந்தது. ஆணையாளர் இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்க வேண்டும். 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரப்படி முதல் ஐந்து வருசச் சேவைக்கு, வருசத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். உச்ச வரம்பு 12.5 இலட்சம், 2021இல் 25 இலட்சமாக ஏறியது. ஐந்து வருசம் வேலை செய்தவருக்குப் பன்னிரண்டரை மாதச் சம்பளம் என்பது சின்னக் காசில்லை. ஆனால் சூத்திரம் வந்த பிறகு 'நிறுத்தலாமா' என்ற கேள்வி மெல்ல மெல்ல 'எவ்வளவு' என்ற கேள்வியாக மாறிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

அந்தச் சூத்திரத்துக்கும் போகாமல் தப்ப ஒரு வழி இருக்கிறது. சம்மதம்.

எங்கள் சித்தி மகள் அக்கா கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்டில் ஐந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு 14,500 ரூபாய் அல்லது அடிப்படைச் சம்பளத்தில் பாதி, எது கூடவோ அதைக் கொடுப்பதென்று அந்த மே மாதம் அரசாங்கமும் முதலாளிமாரும் சங்கங்களும் இணங்கியிருந்தார்கள். ஒன்றோ இரண்டோ மாதம் அந்தக் காசு வந்தது. பிறகு சுப்பவைசர் கோல் பண்ணி, "மிச்சக் காசு வாங்கிட்டுப் போக வாங்க" என்றிருக்கிறார். போனார். எச்.ஆர் அறைக்கு ஒவ்வொருவராகத்தான் கூப்பிட்டார்களாம். சங்கம் இல்லை, பக்கத்தில் கூட்டாளி இல்லை. சிங்களத்தில் ஒன்றும் இங்கிலீசில் ஒன்றுமாக இரண்டு தாள். காசு வந்ததற்கு ஒப்பம் என்று நினைத்து வைத்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த பிரதியை வாசித்துச் சொன்னது நான்தான். சொந்த விருப்பத்தின் பேரில் விலகுவதாகவும், இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லையென்றும் அதில் இருந்தது. 1971இல் தொழிலாளிக்குக் கவசமாகப் போட்ட 'எழுத்து மூலமான சம்மதம்' அந்தத் தாளில் இருந்தது. கையில் கொடுத்தது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் குறைவு. "பாமசில குடுக்குற மாதிரி ஒரு சீட்டுன்னுதான் நெனச்சேன்டா" என்றார் அக்கா. எது ரசீது, எது பத்துச்சீட்டு என்று அவருக்கு அவருடைய மொழியில் யாரும் சொல்லவில்லை. சட்டத்தில் 'முன்கூட்டி' என்ற சொல் இருக்கிறது, 'விளங்கும்படி' என்ற சொல்லும் இருந்திருக்கலாம்.

2023இல் தொழில் சட்டங்களை ஒன்றாக்கும் முன்மொழிவுகள் வந்தபோது சங்கங்கள் எதிர்த்தன, நம் வயதுக்காரர் அதிகம் கவனிக்கவில்லை. கம்பஸ் முடித்து முதல் வேலைக்குப் போகும்போது நமக்கும் ஒரு தாள் தருவார்கள், அதை எப்போது முடிக்கலாம் என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்யாதவருக்கு 1971 சட்டம் பொருந்தாது என்பதையும் அப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இப்போது மேன்பவர் மூலமாக வேறொரு இடத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு வந்தபோது அவர் பேக்கில் ஒரு சின்னக் கலண்டர் இருந்தது, வேலை செய்த நாளெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு. ஏன் என்று கேட்டேன். "நூத்தி எண்பது வருதான்னு பாக்குறேன்" என்றார். போன தடவை நூற்று எழுபதை நெருங்கும்போது வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இந்தத் தடவை இன்னும் ஐம்பத்தாறு நாள் இருக்கிறது.