அங்கீகாரத்துக்கு முந்தைய ஆட்டம்: வில்லரேயிலிருந்து பெண்கள் கால்பந்து வரலாற்றை நோக்கல்

மொன்றியலின் ரோஸ் பெண்கள் கால்பந்துக் கழகம் 2025 ஏப்ரல் 19 அன்று டொராண்டோவில் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடி 1-0 என வென்றது. பார்வையாளர்கள் 14,000 பேருக்கும் மேல். நகரின் பெண்கள் கால்பந்து வரலாற்றை அந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கும் ஆசை இயல்பானதுதான். ஆனால் அப்படி எண்ணுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கீகாரம் கிடைத்த தேதியைப் பிறந்த தேதியாகக் கொண்டால், அங்கீகாரத்தை உண்டாக்கியவர்களே வரலாற்றிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

இதற்கு மிகத் தெளிவான சான்று டென்மார்க்கில் இருக்கிறது. கோபன்ஹேகனின் ஃபெமினா கழகம் 1959இல் தோன்றியது. 1970இல் இத்தாலியில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் டென்மார்க்கின் பெயரில் ஆடியது அந்தக் கழக அணியே. தூரின் இறுதியாட்டத்தில் இத்தாலியை 2-0 என வென்றது. அடுத்த ஆண்டு மெக்சிகோவின் அஸ்டெக்கா அரங்கில் ஏறத்தாழ 1,10,000 பேர் பார்த்திருக்க, டென்மார்க் மெக்சிகோவை 3-0 என வீழ்த்தியது. மூன்று கோல்களையும் அடித்தவர் 15 வயது சுசான அவுகஸ்டசன். டேனிஷ் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் குடைக்குள் ஏற்றதோ 1972இல். சம்மேளனத்தின் ஏட்டை மட்டும் நம்பும் ஆய்வாளருக்கு இரண்டு உலகப் பட்டங்கள் கண்ணில் படாது.

இந்தியாவிலும் இதே வரிசைதான். 1975இல் உருவான பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் அகில இந்தியச் சம்மேளனத்துக்கு வெளியே தனித்து இயங்கியது. இந்தியப் பெண்கள் ஆசியப் போட்டியில் இருமுறை இரண்டாம் இடம் பிடித்ததும் அந்தக் காலத்தில்தான்.

மொன்றியலுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலே போதும். அந்த ஜூன் 30 அன்று ஒலிம்பிக் அரங்கில் அமெரிக்கா, ஜெர்மனி மோதிய உலகக் கோப்பை அரையிறுதியை 50,000க்கும் மேற்பட்டோர் கண்டனர். வில்லரே, சென் மிஷெல், பார்க் எக்ஸ்டென்ஷன் மூன்றும் சேர்ந்த நகர வட்டத்தில், மிரோன் கல்குவாரி இருந்த நிலத்தின் ஓரம், பெரிய மரச் சட்டங்களால் ஆன கூரையோடு நகராட்சியின் உள்ளரங்கக் கால்பந்து மைதானம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில். குளிர்காலம் முழுக்கப் பனி மூடும் ஊரில் இப்படி ஒரு கூரை எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தெரியும். பார்வையாளர் இருந்தனர், களமும் வந்தது. ஆனால் அந்த நவம்பரில், 2006 முதல் பக்கத்து நகரான லாவாலின் கொமெட்ஸ் பெண்கள் அணி ஆடிவந்த வட அமெரிக்க டபிள்யூ லீக் மூடப்பட்டது. பெண்களுக்கு இல்லாமல் போனது ரசிகர்கள் அல்லர், நிலைத்து நிற்கும் ஓர் அமைப்பு.

கொமெட்ஸுக்கும் ரோஸுக்கும் தொடர்பில்லை என்று ஒருவர் மறுக்கலாம். சட்டப்படி அது சரி; இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனால் கொமெட்ஸ் ஆடியது லாவாலின் புவா தெ பூலோன் விளையாட்டு மையத்தில். ரோஸின் சொந்த மைதானமான போரியால் அரங்கம் இருப்பதும் அதே மையத்தில்தான். ரோஸ் ஆடும் நார்தர்ன் சூப்பர் லீக்கை முன்னின்று உருவாக்கிய டயானா மதீசனும் டபிள்யூ லீக்கில் ஒட்டாவா ஃபியூரிக்கு ஆடியவர். களமும் ஆட்களும் தொடர்ந்திருக்கின்றன. பெயர்ப்பலகை மட்டுமே புதிது.

2025 கொண்டுவந்த மாற்றத்தை நான் சிறிதாக்கவில்லை. வீராங்கனைக்குக் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 50,000 கனடிய டாலர் என்பது, வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு ஓடிய தலைமுறைக்குக் கிட்டாதது. ரோஸ் எந்த ஆண்கள் கழகத்தின் கிளையாகவும் பிறக்கவில்லை என்பதையும் முக்கியமாகக் கருதுகிறேன். ஃபெமினாவைப் போல அதுவும் தன் காலில் நிற்கிறது.

வில்லரேயின் ழாரி மெட்ரோவில் ஏறினால் ஆரஞ்சுத் தடத்தில் ஆற்றைக் கடந்து லாவாலுக்குப் போய்விடலாம்; அந்த நீட்சி 2007இல் திறந்தது. கொமெட்ஸ் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டுகளின் ஆட்டத் தாள்கள், பூங்கா மைதானங்களில் சிறுமியர் அணிகளுக்கு நேரம் ஒதுக்கிய பதிவேடுகள், பயிற்சியாளர்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றை, அவற்றை வைத்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே திரட்ட வேண்டும். ரோஸின் வரலாற்றை எழுதப்போகிறவர் முதலில் போக வேண்டியது அங்கேதான்.