தலைசிறந்த சாரதி யார்?

வலிகாமத்து ஊர்களில் மாட்டுவண்டிச் சவாரி நடந்து முடிந்த மாலையில், ஓட்டம் முடிந்தாலும் வழக்கு முடிவதில்லை. வென்ற வண்டியின் உடையவர் தம் நாம்பன்களின் இரத்தத்தைப் புகழ்வார். வண்டி செய்த தச்சர், அச்சின் இலேசைச் சுட்டிக் காட்டுவார். கயிறு பிடித்த சவாரிக்காரரோ, மாட்டின் மனமறிந்து விரட்டிய தம் கையே வெற்றிக்குக் காரணம் என்று கருதுவார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எவர் பங்கு எவ்வளவு என்பதே தீராத வழக்கு.

இவ்வழக்கு மிகப் பழையது. நளன் கதையில் இருதுபன்னன் என்னும் அரசன் ஒரே பகலில் விதர்ப்ப நாட்டை அடைய விரும்புகிறான். உருமாறிய நளன் அவனுக்குத் தேர்ப்பாகனாக இருக்கிறான். நளன் தெரிந்தெடுத்த குதிரைகள் மெலிந்து தோன்றவே, இவை எங்ஙனம் ஓடும் என்று அரசன் ஐயுறுகிறான். வழியில் அரசனது மேலாடை நழுவி விழுகிறது. அதை எடுத்துவரத் தேரை நிறுத்துமாறு அவன் சொல்லி முடிப்பதற்குள், ஆடை கிடந்த இடம் மிகத் தொலைவாய்ப் பின்னே போய்விடுகிறது. வேகம் குதிரைக்கு உரியதா, சாரதிக்கு உரியதா என்ற கேள்வியை அக்கதை அன்றே எழுப்பிவிட்டது. குதிரையின் இடத்தை எந்திரம் பிடித்துக்கொண்ட பின்னரும் கேள்வி மாறவில்லை. உலகில் தோன்றிய மோட்டார்ப் பந்தயச் சாரதிகள் அனைவருள்ளும் தலைசிறந்தவர் யார் என்பதே அதன் இன்றைய வடிவம்.

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாற்றில் போர்க்கால விமானத் தளங்களுக்கு ஒரு தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானங்களுக்காக இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட சில்வர்ஸ்டன் தளம், போருக்குப் பின் பந்தயத் திடலாயிற்று. 1950ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், உலகச் சாரதிகள் வெற்றிப் போட்டியின் முதற் பந்தயம் அங்கேதான் நடைபெற்றது. சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுபாதையும் அவ்வாறே பந்தயத் திடலாகிப் பல ஆண்டுகள் புகழ் பெற்று விளங்கியது. காங்கேசன்துறைக்கு அணித்தே பலாலியிலும் அப்போரில் ஆங்கில அரச விமானப் படையினர் ஓர் ஓடுபாதை அமைத்தனர். அதற்கு வாய்த்த விதி வேறு. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமாகிய 'சீதாதேவி' இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. ஒரே போர் ஈன்ற மூன்று பாதைகளுள் இரண்டு பந்தயத்துக்கும், ஒன்று பயணத்துக்கும் உரியவாயின.

இனி வழக்கை எண்களிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். ஆர்ஜன்டீன நாட்டவரான யுவான் மனுவல் பாஞ்சியோ 1951, 1954, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலக வெற்றியாளரானார். ஜெர்மானியரான மைக்கேல் சூமாக்கர் ஏழு முறை அப்பட்டத்தை வென்று, 91 பந்தயங்களில் முதலாவதாக வந்தார். ஆங்கிலேயரான லூயிஸ் ஹாமில்டன் ஏழு பட்டங்களோடு, 2021ஆம் ஆண்டில் நூறாவது வெற்றியையும் எட்டினார். கூட்டிப் பார்த்தால் ஹாமில்டனே முதல்வர். ஆனால் 1950ஆம் ஆண்டுப் போட்டியில் இருந்தவை ஏழே பந்தயங்கள். 2024இல் இருந்தவை 24. கூட்டலை விடுத்து வகுத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. பாஞ்சியோ ஓடியவை 51, வென்றவை 24. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க் 72 பந்தயங்களில் 25ஐ வென்றார். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. சூமாக்கருடைய 91 வெற்றிகளும் முந்நூற்றுக்கு மேற்பட்ட பந்தயங்களில் ஈட்டப்பட்டவை.

எண்களை நம்புவோருக்கு 1958ஆம் ஆண்டு ஓர் எச்சரிக்கை. அவ்வாண்டில் ஸ்டேர்லிங் மொஸ் நான்கு பந்தயங்களை வென்றார். மைக் ஹாதோர்ண் வென்றது ஒன்றே. எனினும் 42க்கு 41 என ஒரு புள்ளியால் பட்டம் ஹாதோர்ணுக்குச் சென்றது. போர்த்துக்கல் பந்தயத்தில் ஹாதோர்ண் தம் வண்டியை எதிர்த்திசையில் செலுத்தினார் என்று முறையீடு எழுந்தபோது, அவருக்காக நடுவர் முன் சாட்சி சொல்லி அவருடைய புள்ளிகளைக் காத்தவர் போட்டியாளரான மொஸ்ஸே! உண்மையைச் சொல்லி உலகப் பட்டத்தை இழந்த அவர், பின்னர் ஒருபோதும் அதைப் பெறவில்லை. பட்டப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆயினும் அவரை விட்டுவிட்டு இவ்வழக்கைப் பேசுவோரும் இல்லை.

மரணமும் கணக்கைக் குலைத்தது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஹொக்கன்ஹைமில் கிளார்க் உயிரிழந்தபோது அவருக்கு வயது 32. மும்முறை உலக வெற்றியாளரான பிரேசிலின் அயர்ட்டன் சென்னா, 1994ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் நாள் இமோலாவில் மாண்டார். இவர்கள் வாழ்ந்திருந்தால் இன்னும் எத்தனை வென்றிருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியாது; அதை எண்ணிச் சொல்லவும் முடியாது. பழைய சாரதிகள் தலைக்கவசமும் ஆசனப்பட்டியும் செம்மையுறாத நாளில் ஓடியவர்கள். தவறினால் புள்ளியை இழப்பது ஒரு துணிவு. உயிரையே இழப்பது வேறொரு துணிவு. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நேர்மையாகாது.

எந்திரத்தின் பங்கைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தாழ்ந்த வண்டியைக் கொண்டு உயர்ந்த வண்டியை வென்றவர் எவர் என்று பார்ப்பதே அது. 1935இல் நியூர்பர்கிறிங் மலைப்பாதையில், ஜெர்மானிய அரசின் ஆதரவு பெற்ற வலிய வண்டிகளை, பழமைப்பட்ட அல்பா றோமியோவில் இருந்து தாசியோ நுவொலாரி வென்றார். மெலிந்த குதிரைகளைப் பூட்டிய நளனின் செயலுக்கு இது நிகரானது. அதே பாதையில் 1957ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், 46 வயதுப் பாஞ்சியோ, சில்லு மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நின்றதனால் ஏறத்தாழ 50 செக்கன்கள் பின்தங்கினார். பின்னர் சுற்றுக்குச் சுற்று வேகச் சாதனையை முறியடித்து, இறுதிக்கு முந்திய சுற்றில் இளைஞர் இருவரைக் கடந்து வென்றார். ஐந்தாம் பட்டமும் அன்றே உறுதியாயிற்று.

அல்பா றோமியோ, மெர்சிடிஸ், பெராரி, மசராட்டி என நான்கு நிறுவனங்களின் வண்டிகளில் பட்டம் வென்றவரும் அவரே. குதிரையை மாற்றினும் வெற்றி மாறாதெனின், அவ்வெற்றியின் வேர் சாரதியிடம் இருப்பதாகக் கொள்வது முறை. சிறந்த வண்டி எதுவென்று கண்டு அதில் ஏறும் கூர்மையும் அவரிடம் இருந்தது என்று மறுப்போர் உண்டு. அதுவும் உண்மையே. ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 முதல் 2014 வரையுள்ள முடிவுகளைப் புள்ளியியல் முறையால் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டபோது, வண்டியும் குழுவும் தரும் நன்மையை நீக்கிப் பார்த்தால் பாஞ்சியோவே முதல்வர் என்று கண்டனர். அவ்வாய்வின் இன்னொரு முடிவு இதனினும் பெரிது. சாரதியும் குழுவும் சேர்ந்து விளைக்கும் வேறுபாட்டில் 86 சதவீதம் குழுவைச் சார்ந்தது என்பதே அது. நாம்பனுக்கும் தச்சருக்கும் உரிய பங்கைக் கணிதமும் ஒப்புக்கொண்டது.

இந்த 86 சதவீதத்தின் பொருளைத் தமிழகத்துச் சாரதி ஒருவரின் வாழ்வு நன்கு விளக்கும். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005ஆம் ஆண்டில் ஜோர்டன் குழுவிற் சேர்ந்து, உலகப் போட்டியில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில், தயர்களின் பாதுகாப்பில் ஐயம் எழுந்ததனால் 14 வண்டிகள் விலகிக்கொண்டன. ஓடிய ஆறு வண்டிகளுள் நான்காவதாக வந்து நரேன் ஐந்து புள்ளிகள் பெற்றார். அவருடைய உலகப் போட்டிப் புள்ளிகள் அவ்வளவே. பின்னர் 2011, 2012ஆம் ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது களத்திலேயே மெதுவான வண்டிகளுள் ஒன்று. அவர் சூமாக்கருக்கு நிகரானவர் என்று எவரும் வாதிடுவதில்லை. ஆனால் ஐந்து புள்ளிகளே அவருடைய திறமையின் அளவு என்று சொல்வோர், வண்டியின் அளவைச் சாரதியின் தலையில் ஏற்றுகிறார்கள்.

அவருக்கேனும் ஏறுவதற்கு ஒரு வண்டி இருந்தது. அவர் வளர்ந்த மண்ணில் சோழவரத்தின் மரபும், அதன்பின் எழுந்த இருங்காட்டுக்கோட்டைத் திடலும் இருந்தன. காங்கேசன்துறையில் பிறந்த பிள்ளைக்கு அவை இல்லை. பலாலி ஓடுபாதையைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990இல் போரினால் பெயர்ந்தனர். அக்காணிகள் பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டுக் கிடந்து, பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில்தான் அவ்வோடுபாதையிலிருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் மீண்டும் பறந்தது. வீட்டு முற்றத்துக்கே போக இயலாதிருந்த ஒரு தலைமுறையில், விரைவறிந்த கையும் அஞ்சாத நெஞ்சும் உடையவர் எத்தனை பேர் இருந்தனரோ, அதற்கு எந்தப் பட்டியலும் இல்லை.

ஆகவே, பந்தயம் ஓடியவர்களுள் முதல்வர் யார் என்று கேட்டால், பாஞ்சியோவின் பெயரைச் சொல்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மனிதர் அனைவருள்ளும் தலைசிறந்த சாரதி யார் என்று கேட்டால், அதற்கு விடை சொல்லும் உரிமை எண்களுக்கு இல்லை. வண்டி கிடைத்தவர்களின் பெயர்களை மட்டுமே எண்கள் அறியும். சவாரித் திடலின் ஓரத்தில், தனக்கென மாடும் வண்டியும் இல்லாமல், ஓடும் வண்டிகளைப் பார்த்து நிற்கும் சிறுவனையும் சேர்த்து எண்ணும் வரை, அவ்வழக்கில் தீர்ப்பு எழுத இயலாது.